தம்பியை இரண்டு நாள் எங்கே வைத்திருந்தார்கள்?

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். நெல்லை மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. எங்கள் தெருவில் எல்லாரும் பட்டியல் சாதி. கோயில் கொடைத் திருவிழா அன்றைக்கு மைக் செட்டில் போட்ட ஒரு பாட்டில் தகராறு ஆரம்பித்து, மறுநாள் எங்கள் தெருவுக்கும் வேறு சாதித் தெருவுக்கும் கல்லெறியாகிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு பெரியவருக்கு அரிவாள் வெட்டு. புகார் கொடுத்தோம், வழக்குப் பதியாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். அதற்கடுத்த நாள் ராத்திரி ஒரு மணிக்கு போலீஸ் வந்து என் தம்பியையும் இன்னும் ஏழு பையன்களையும் வேனில் ஏற்றிப் போனது. தம்பிக்கு 20 வயது, ஐ.டி.ஐ. படிக்கிறான். ஸ்டேஷனில் போய்க் கேட்டால் இங்கே அப்படி யாரும் இல்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். உள்ளங்காலில் லத்தியால் அடித்திருக்கிறார்கள். வெள்ளைப் பேப்பர் மூன்றில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். செல்போனைத் திருப்பித் தரவில்லை. தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அந்தத் தெருப் பையன்களையும் இப்படித்தான் அடித்தார்களாம். மேலே புகார் செய்தால் குண்டாஸ் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் வாபஸ் வாங்கிச் சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். அப்பாவும் பேசாமல் இரு என்கிறார். தம்பி ராத்திரி தூங்குவதில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? செய்தால் அவனுக்கு ஆபத்தா? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

செய்ய முடியும். மூன்று வாரம் தாமதம்தான், ஆனால் எந்தக் கெடுவும் இன்னும் தாண்டிப் போகவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, தம்பியை யாராவது டாக்டரிடம் காட்டினீர்களா என்பது. கடிதத்தில் அது இல்லை. அநேகமாகக் காட்டியிருக்க மாட்டீர்கள்; வீட்டில் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்திருப்பீர்கள். நாளைக் காலையிலேயே அவனைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெளிநோயாளிச் சீட்டு வாங்கி வலிக்கு மாத்திரை வாங்கி வருவதற்காக அல்ல. டாக்டரிடம் தம்பி தன் வாயால், இன்ன தேதியில் போலீஸ் கூட்டிப்போய் லத்தியால் காலில் அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். அதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அதைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்திருக்கும், ஆனால் பாதத்து எலும்பில் கீறல் விழுந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், நகம் கறுத்திருந்தால் இன்னும் தெரியும். டாக்டர் தயங்கினால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆஸ்பத்திரியிலிருந்து அதே ஸ்டேஷனுக்குத்தான் தகவல் போகும். வாக்குமூலம் வாங்க வருவார்கள். நடந்ததைச் சொல்லலாம், படிக்காத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி அடி எல்லாம் கணக்கில் வராத மணி நேரங்களில்தான் நடக்கிறது. தம்பியை வேனில் ஏற்றியதற்கும் திருப்பி விட்டதற்கும் நடுவில் இருக்கிற இரண்டு நாள், அரசாங்கத்தின் எந்த ஏட்டிலும் இல்லை. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் வீட்டாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே வரிசையாகச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பி.என்.எஸ்.எஸ். என்கிறார்களே, அதிலும், இவை எல்லாம் இருக்கின்றன. சட்டத்தில் குறை இல்லை. கைது என்று எழுதினால்தானே இந்தக் கடமைகள் எல்லாம் வரும்? அதனால் எழுதுவதே இல்லை. சும்மா விசாரிக்கக் கூட்டி வந்தோம், அனுப்பிவிட்டோம் என்பார்கள். ஆகவே அவர்கள் எழுதாமல் விட்ட அந்த இரண்டு நாளை நீங்கள் எழுத வேண்டும். நீங்கள் செய்யப் போகிற எல்லாமே அதைச் சுற்றித்தான்.

இன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுத்துத் தம்பியை உட்கார வைத்து எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினார்கள், எத்தனை பேர், யார் யூனிபார்மில் இருந்தார்கள், யார் சாதாரண உடையில், வேனின் நிறம், எந்த ரோட்டில் போனது, எங்கே திரும்பியது, வைத்திருந்த இடத்தில் என்ன சத்தம் கேட்டது, சாப்பாடு யார் கொண்டுவந்தார்கள், ஒருவரை ஒருவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மற்ற ஏழு பையன்களும் தனித்தனியாக எழுதட்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுத வேண்டாம். சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தால்தான் உண்மை என்று கோர்ட் நம்பும். நீங்களும் எழுதுங்கள். ஸ்டேஷனில் போய் நின்ற நேரம், இங்கே யாரும் இல்லை என்று சொன்னவர் யார் என்பது முக்கியம். அந்த இரண்டு நாளில் நீங்கள் யார் யாருக்குப் போன் செய்தீர்கள் என்பது உங்கள் போனிலேயே இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் கேமரா. எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் சி.சி.டி.வி. இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தம்பியை ஸ்டேஷனில் வைத்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் நீங்கள் வாசலில் நின்று கேட்டது அதில் இருக்கும், இப்போது தினமும் அவன் வந்து கையெழுத்துப் போடுவதும் இருக்கும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று எஸ்.பி.க்கும் அந்த ஸ்டேஷனுக்கும் மனு எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வேன் நான்குவழிச் சாலையில் போனதென்றால் டோல்கேட் கேமரா இருக்கிறது. ஊர் முக்கில் கடை வைத்திருப்பவரின் கேமராவில் பழையது சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துவிடும். அதை நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

சாத்தான்குளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ராத்திரி முழுக்க அடி. மறுநாள் டாக்டர் தகுதிச் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறை ஏற்றுக்கொண்டது. 22ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார், 23ஆம் தேதி காலையில் தகப்பன். அடித்தவர்களைத் தவிர இத்தனை பேர் கையைத் தாண்டித்தான் அவர்கள் சாவுக்குப் போனார்கள். யாராவது ஒருவர் நின்று, இந்த வேட்டியில் ஏன் ரத்தம் என்று கேட்டிருந்தால் இரண்டு உயிர் இருந்திருக்கும். பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷனில் அவமரியாதை. ஒரு போலீஸ் ஸ்டேஷனை வருவாய்த் துறை கையில் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டிய நிலை. அங்கே கேமரா இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழிந்துபோகிற மாதிரி வைத்திருந்தார்கள். கடைசியில் உண்மையை நிலைநிறுத்தியது, அன்று ராத்திரி பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம். போலீசுக்குள்ளேயும் மனசாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அது சாதி மோதல் வழக்கு கிடையாது என்பதையும் கவனியுங்கள். கடை அடைக்கிற நேரத் தகராறு, அவ்வளவுதான். நம் பக்கத்தில் பல வருடமாகக் கலவரக் காலத்துக்கு என்று ஒரு தனிப் போலீஸ் முறை வளர்ந்திருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி, பட்டியல் சாதி மக்கள் வாழும் கொடியங்குளம் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீட்டுக்கு வீடு அடித்து நொறுக்கினார்கள். ஒருவரைத் தேடி அல்ல, ஒரு ஊரையே தேடிப் போனார்கள். 1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஊர்வலத்தை அடித்து விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். அதில் கைக்குழந்தையும் உண்டு. ஒரு தெருவை, ஒரு சாதியை மொத்தமாகக் கூட்டமாகப் பார்த்து அடிக்கப் பழகிய கை, அப்புறம் கடைக்காரரையும் விடாது, பால் வாங்கப் போனவரையும் விடாது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

தினமும் கையெழுத்து. கோர்ட் ஜாமீன் கொடுத்து, அதில் நிபந்தனை போட்டால்தான் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் கடமை வரும். தம்பி மேல் வழக்கே காட்டவில்லை, ஜாமீனும் இல்லை, அப்புறம் என்ன கையெழுத்து? சந்தேகப்படும் ஆளை விசாரிக்க வேண்டுமானால் பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். சாட்சியாகக் கூப்பிட்டால் 179ஆவது பிரிவு. அதற்கும் எழுத்து வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் அந்தப் பிரிவில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். உங்களை வா என்றால் இதைச் சொல்லுங்கள். ஆனால் நாளையிலிருந்து திடீரென்று போகாமல் நிற்க வேண்டாம். வக்கீல் மூலம், நோட்டீஸ் கொடுத்தால் ஆஜராகத் தயார், வாய்மொழியாகக் கூப்பிடுவதை நிறுத்துங்கள் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அதன் நகலை எஸ்.பி.க்கும் போட்டுவிட்டு, அப்புறம் நிறுத்தலாம்.

வெள்ளைப் பேப்பர். இதுதான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று புரிகிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்திலும் செல்லாது, இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவிலும் செல்லாது. அதை வைத்து ஏதாவது பொருளைக் கைப்பற்றினால் அந்த அளவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அரிவாள், கம்பு என்று எதையாவது காட்டிக் கைப்பற்றியதாக எழுதுவதற்குத்தான் இந்த வெள்ளைப் பேப்பர் உதவும். அதற்கு முன்னால் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். இன்ன தேதியில் மூன்று வெற்றுத் தாளில் என் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார்கள், அதைப் பயன்படுத்தி ஏதும் உருவாக்கினால் அது பொய் என்று எஸ்.பி.க்குப் போகும் புகாரிலேயே எழுதிவிட்டால், பின்னால் வருகிற தாளுக்கு மதிப்பு போய்விடும். தேதி முந்தியது யாருடையது என்பதுதான் அங்கே பேசும். செல்போனும் அப்படித்தான். கைப்பற்றினால் பட்டியல் எழுதி, வீடியோ எடுத்து, கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்றும் இல்லாமல் அவர்களிடம் அந்தப் போன் இருக்கிறது என்றால், தம்பி அவர்கள் கையில் இருந்தான் என்பதற்கு அதுவே சாட்சி. போன் வாங்கின பில்லையும் பெட்டியையும் எடுத்து வையுங்கள், அதில் அந்தப் போனை அடையாளம் காட்டும் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும்.

குண்டாஸ். ஆளைத் தடுப்புக் காவலில் வைக்கும் 1982ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் அது. ஸ்டேஷனில் இருப்பவர் நினைத்தால் போடக்கூடியது இல்லை. மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் கையெழுத்துப் போட வேண்டும், காரணங்களை எழுத்தில் தர வேண்டும், ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும். வழக்கமாகக் குற்றம் செய்கிறவர் என்று காட்ட வேண்டும். முன்வழக்கு இல்லாத ஐ.டி.ஐ. பையன் மேல் அது நிற்காது. நம் மாவட்டங்களில் குண்டாஸ் தாராளமாகத்தான் போடுகிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் மதுரைக் கிளை ஆட்கொணர்வு மனுக்களில் (சட்டவிரோதக் காவலில் இருப்பவரை மீட்கப் போடும் மனு) அவற்றை ரத்து செய்வதும் சாதாரணமாக நடப்பதுதான். அதைவிட நடக்க வாய்ப்புள்ளது, ஆர்.டி.ஓ.விடம் அமைதிக்கான பிணைப் பத்திரம் கேட்டு பி.என்.எஸ்.எஸ். 126ஆவது பிரிவில் நோட்டீஸ். பழைய சட்டத்தில் 107ஆவது பிரிவு. அது வந்தால் பதற வேண்டாம், வக்கீலோடு போங்கள், குற்றத்தை ஒத்துக்கொள்ளும் வாசகம் எதிலும் கையெழுத்து வேண்டாம். மிரட்டினார்களே, அந்த மிரட்டலை, சொன்னவர் யார், எந்தத் தேதி என்று புகாரில் சேருங்கள். புகாரில் எழுத்தாகிவிட்ட மிரட்டலைச் செயல்படுத்த எந்த அதிகாரியும் யோசிப்பார்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆபத்து இருக்கிறது. உங்கள் ஊர்க் கலவர வழக்கின் எப்.ஐ.ஆர். நகலை உடனே எடுங்கள். தமிழ்நாடு போலீசின் இணையதளத்திலேயே பதிவிறக்க முடியும். அங்கே மறைத்திருந்தால் வக்கீல் மூலம் கோர்ட்டில் விண்ணப்பித்து வாங்கலாம். அதில் பெயர்களுக்கு அப்புறம் "மற்றும் பெயர் தெரியாத பலர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் ஊரையே பிடித்து வைத்திருக்கிறது. யாரை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், அந்தப் பலரில் ஒருவர் என்று சேர்க்கலாம். அதனால்தான் கலவரத்துக்குப் பிறகு ஊரில் இளவட்டங்கள் இருப்பதில்லை; கோயம்புத்தூர், திருப்பூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள், இருப்பவர்கள் வயக்காட்டில் படுக்கிறார்கள். தம்பி பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்ஜாமீன் மனு போட்டு வைப்பது நல்லது. அந்தத் தெருக்காரர்கள் கொடுத்த வழக்கு என்றால் முன்ஜாமீனுக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை.

புகார் எங்கே கொடுப்பது? முதலில் எஸ்.பி. ஆபீசில். பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175ஆவது பிரிவில் மனு. அரசு ஊழியர் மேல் புகார் என்பதால், மேலதிகாரியின் அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு போட வேண்டும் என்று புதிய சட்டம் ஒரு படி கூட்டியிருக்கிறது. இதனால் நாள் ஆகும். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது, ஆனால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வாக்குமூலம் வாங்க அடிப்பது தனிக் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 120ஆவது பிரிவு. சாதாரணக் காயத்துக்கே 7 வருடம் வரை, எலும்பு முறிவு மாதிரி கொடுங்காயம் என்றால் 10 வருடம் வரை. கூடவே மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள், கட்டணம் கிடையாது. ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும் என்பதுதான் கெடு. ஆணையம் சொல்வது வெறும் சிபாரிசுதானே என்று முன்னெல்லாம் அரசு தட்டிக்கழித்தது. அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. வக்கீல் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பட்டியல் சாதியினர் என்பதாலேயே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. பாளையங்கோட்டை கோர்ட்டில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள்.

வெட்டுப்பட்ட பெரியவரின் புகாரை இதோடு கலந்துவிடாதீர்கள், ஆனால் விட்டும்விடாதீர்கள். அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், ஊரில் சொல்கிற பி.சி.ஆர். கேஸாகப் பதிவாக வேண்டியது. அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு, முன்விசாரணை என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது என்கிறது, டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். வேண்டுமென்றே பதிவு செய்யாமல் இருப்பதே 4ஆவது பிரிவில் குற்றம். சி.எஸ்.ஆர். ரசீது உங்கள் கையில் இருப்பது நல்லதாகப் போயிற்று: புகார் வந்தது அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் பதியவில்லை என்பதை அதுவே காட்டும்.

பெரியவர்கள் சொல்கிற சமாதானத்தைப் பற்றி எனக்குத் திடமான கருத்து இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர்ப் பக்கம் மோதல் வந்தால் போலீஸ் ஒரு கணக்குப் போடுகிறது. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். இங்கே ஒரு வழக்கு, அதற்கு எதிராக அங்கே ஒரு வழக்கு. இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்து, சமமாக அடித்து, அப்புறம் உட்கார வைத்து இரண்டையும் வாபஸ் வாங்க வைத்தால் பிரச்சினை முடிந்தது என்று மேலே அறிக்கை போய்விடும். இதை நடுநிலை என்று அவர்கள் மனதார நம்பவும் செய்கிறார்கள். ஆனால் யார் முதலில் கல்லெறிந்தது, பெரியவரை வெட்டியது யார், கூட்டத்தில் சும்மா நின்றவன் யார் என்ற கேள்விகளுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. வெட்டினவனும் வேடிக்கை பார்த்தவனும் ஒரே அடி வாங்கினால் வெட்டினவனுக்கு என்ன பாடம்? வேடிக்கை பார்த்தவன் மனதில் என்ன நிற்கும்? தன்னை அடித்தது இன்ன அதிகாரி என்பதைவிட, அந்தத் தெருக்காரனால்தான் நமக்கு அடி என்பதுதான் நிற்கும். அடுத்த கொடைக்கு அதுதான் மறுபடி வெடிக்கும். வன்கொடுமை வழக்கு ஊரில் பேசி முடித்துக்கொள்ளக் கூடியதும் அல்ல, அந்தச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பெரியவர்கள் அடுத்த கொடைக்கு மைக் செட் நேரம், ஊர்வலப் பாதை என்று பேசி எழுதிக்கொள்ளட்டும், அது மிக நல்லது, நீங்களும் முன்னால் நில்லுங்கள். பெரியவரின் வெட்டையும் தம்பியின் காலையும் அந்தப் பேச்சில் எடைக்கு எடை வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

அந்தத் தெருப் பையன்களையும் அடித்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். அவர்களுக்கும் 22ஆவது பிரிவு உண்டு, 24 மணி நேரக் கணக்கு உண்டு. அவர்களை அடித்ததும் குற்றமே. அந்த வீடுகளிலும் ஒரு அக்காளோ தாயோ ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பார்கள். ஒரே மனுவில் சேர்ந்து கையெழுத்துப் போடுவது இன்றைய நிலையில் நடக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் அவர்களும் தனியாக மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினால், அதே இடம், அதே வேன், அதே ஆட்கள் என்று இரண்டு மனுவிலும் வந்தால், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வருகிற அந்தச் சாட்சியத்தை யாராலும் தட்ட முடியாது. பொதுவாகப் பழகுகிற ஒரு வாத்தியாரோ, ரேஷன் கடைக்காரரோ வழியாக இந்தத் தகவலை மட்டும் அந்தப் பக்கம் போகச் செய்யுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

அப்பாவைக் கோபிக்காதீர்கள். 1995ஐயும் 1999ஐயும் கண்ணால் பார்த்த தலைமுறை அது. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியது அவரும் அல்ல, நீங்களும் அல்ல, தம்பிதான். அவன் உடம்பு, அவன் வழக்கு. அவன் இப்போது வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவையும் நோட்டையும் கேமரா மனுவையும் மட்டும் செய்து வையுங்கள், ஒரு வருடக் கெடு இருக்கிறது. 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு போலீஸ் அதிகாரி மேல் புகார் வந்தபோது, முதலில் விழுந்து பல் உடைந்தது என்று சொன்னவரும் உண்டு. பயத்தில் சொன்ன அந்த முதல் வார்த்தையைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. பேசத் தைரியம் வராவிட்டால் பேசாமல் இருக்கட்டும், பொய்யான ஒன்றை மட்டும் யார் கேட்டும் சொல்ல வேண்டாம்.

தூக்கம் வராததைச் சும்மா விடாதீர்கள். ஹைகிரவுண்டுக்குப் போகும்போதே மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். கதவு சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவது, உடம்பு நடுங்குவது எல்லாம் அடிபட்டவர்களுக்கு வருவதுதான், சரியாகக் கூடியதுதான். அந்தச் சீட்டும் வழக்குக்கு உதவும். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மறுபடி வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்பதையும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு தள்ளுமுள்ளு வேண்டாம், ஓடவும் வேண்டாம். பெயர் என்ன, எந்த ஸ்டேஷன், எந்த வழக்கு, கைதா விசாரணையா என்று கேளுங்கள். கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெண்கள் யாராவது வாசலில் நின்று வீடியோ எடுக்கட்டும். வண்டி நகர்ந்த அடுத்த பத்து நிமிடத்தில் எஸ்.பி., கலெக்டர், மனித உரிமை ஆணையம், உங்கள் வக்கீல் எல்லாருக்கும் ஒரே செய்தியை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்: யாரை, எத்தனை மணிக்கு, யார் கூட்டிப்போனது. முன்பெல்லாம் வக்கீல்கள் இதற்குத்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தந்தி கொடுப்பார்கள். அந்தத் தந்தி ரசீது ஆட்கொணர்வு மனுவில் பெரிய ஆதாரம். 2013இல் தந்தி நின்றுபோனது, அதன் இடத்தில் இப்போது நேரம் பதிந்த மின்னஞ்சல். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினால், அடித்தார்கள் என்று தம்பி கேட்காமலே சத்தமாகச் சொல்ல வேண்டும், சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டும். பக்கத்தில் போலீஸ் நிற்பதால் வாய் வராது. அதனால் இப்போதே சொல்லிப் பழக்குங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். தருமபுரிப் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடி, 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் இத்தனை வருடம் உறுதியாக நின்றார்கள். உங்கள் வழக்குக்கு அவ்வளவு காலம் ஆகும் என்று சொல்லவில்லை. மனித உரிமை ஆணையத்தில் சில வருடம் ஆகும், முன்ஜாமீன் சில வாரத்தில் கிடைக்கும், தினசரிக் கையெழுத்து ஒரு வக்கீல் கடிதத்திலேயே நின்றுவிடலாம்.

இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும்: நாளை ஆஸ்பத்திரி, மறுநாள் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வார முடிவுக்குள் கேமரா மனுவும் எஸ்.பி. புகாரும். தம்பியின் ஐ.டி.ஐ.யில் மூன்று வாரம் வருகை குறைந்திருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை வைத்து முதல்வரிடம் மருத்துவ விடுப்பு மனு கொடுங்கள். வருகை போதவில்லை என்று பரீட்சை எழுதவிடாமல் செய்துவிட்டால் ஒரு வருடம் வீணாகிவிடும், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.